தாதியருக்கான இணையவழி உரையாடல் பயிற்சிகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

நோயாளியிடம் பேசக் கற்றுத்தரும் இணையவழிப் பயிற்சிகள் சிங்கப்பூர்த் தாதியருக்கு இப்போது மூன்று விதமாகக் கிடைக்கின்றன. மருத்துவமனையின் கற்றல் தளத்தில் ஸ்லைடு ஸ்லைடாகத் தட்டிக்கொண்டு போகும் பாடம் ஒன்று. ஸூமில் நடக்கும் நேரலை வகுப்பு இன்னொன்று. கணினியே நோயாளியாகப் பேசும் செயலி மூன்றாவது. மூன்றையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: இதில் தாதி வாய் திறந்து பேசுவது எத்தனை நிமிடம், அதைக் கேட்டுத் திருத்த ஆள் உண்டா? விளம்பரத்தில் இந்த விவரம் இருக்காது. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தட்டிச் செல்லும் பாடத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெரும்பாலும் அரை மணி நேரம், கடைசியில் சில கேள்விகள். "நோயாளி அழுகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு நான்கு விடைகள் தருவார்கள். எந்த விடை நீளமாகவும் மென்மையாகவும் இருக்கிறதோ அதுதான் சரியான விடை. பாடத்தைப் படிக்காதவர்கூடச் சரியாகத் தட்டிவிடுவார். ஆனால் வார்டில் யாரும் நான்கு விடைகளை நீட்டுவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு, "எனக்கு என்னம்மா ஆகுது, உண்மையச் சொல்லு" என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்தால் வாக்கியம் நம் வாயிலிருந்துதான் பிறக்க வேண்டும். சட்டம், மருத்துவமனை நடைமுறை, கலைச்சொற்கள் ஆகியவற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்க இந்தப் பாடங்கள் போதும். சொந்தக் காசு கொடுத்து எடுக்க வேண்டாம். ஒரே உரையாடலைச் சரியாகவும் தவறாகவும் நடித்துக் காட்டும் காணொளி இருந்தால் அதை மட்டும் தவறவிடாதீர்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். தாதி எங்கே நின்றார், எப்போது கடிகாரத்தைப் பார்த்தார், கை கட்டிலின் கம்பியில் இருந்ததா கணினி வண்டியில் இருந்ததா என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

நேரலை வகுப்புக்குத்தான் காசு கேட்கிறார்கள். அதனால் கணக்கும் அங்கேதான் போட வேண்டும். மூன்று மணி நேர வகுப்பு, 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். அறிமுகத்துக்கும் ஒலி சரிபார்ப்புக்கும் 20 நிமிடம், விரிவுரை 40, இடைவேளை 15, முடிவில் தொகுத்துச் சொல்ல 15. ஒருவர் நோயாளியாக நடிக்க இன்னொருவர் தாதியாகப் பேசிப் பழக மிச்சம் 90 நிமிடம். எல்லாரும் ஒரே அறையில் இருந்தால் ஆளுக்கு நான்கு நிமிடம்கூட வராது. இருவரோ மூவரோ பேசுவார்கள், மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடிப்பார்கள். மூன்று மூன்று பேராக எட்டு பிரேக்அவுட் அறைகளில் பிரித்தால் ஆளுக்கு 30 நிமிடம் கிடைக்கும். ஆனால் ஒரே பயிற்றுநர் எட்டு அறைகளைச் சுற்றிவர முடியாது. அவர் வராத அறையில், "ரொம்ப நல்லா பண்ணீங்க சிஸ்டர்" என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் காட்சியை முடித்துவிடுவார்கள். ஆறு பேருக்கு ஒரு பயிற்றுநர் என்ற அளவே உருப்படியானது. அப்போது ஆளுக்கு 15 நிமிடம்: சூழலை விளக்க ஒரு நிமிடம், பேச ஐந்து, கருத்துச் சொல்ல ஐந்து, சறுக்கிய இடத்தைத் திரும்பப் பேசிப் பார்க்க நான்கு.

அந்தக் கடைசி நான்கு நிமிடம்தான் மொத்த வகுப்பின் விலை. பல வகுப்புகள் கருத்துச் சொல்வதோடு நிறுத்திவிடுகின்றன. "நோயாளி பயமாயிருக்குன்னு சொன்னப்ப நீங்க உடனே மருந்து அட்டவணைக்குப் போயிட்டீங்க" என்று கேட்டுக்கொள்வது ஒன்று. அதே இடத்துக்குத் திரும்பிப் போய், அதே பயத்துக்கு வேறு மாதிரிப் பதில் சொல்லி, நோயாளியாக நடிப்பவரின் முகம் மாறுவதைப் பார்ப்பது வேறு. கருத்துச் சொல்லவும் வரிசை உண்டு. பேசியவர் முதலில் தன் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்து, நோயாளியாக நடித்தவர் எந்த வாக்கியத்தில் தனக்கு மனம் விட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். அதன்பிறகே பயிற்றுநர் பேச வேண்டும், அதுவும் பேசியவரின் சொற்களை அப்படியே எடுத்துக்காட்டி. "இன்னும் கொஞ்சம் அன்பா பேசலாம்" என்ற கருத்தால் யாருக்கும் பயனில்லை.

நோயாளியாக நடிப்பது பயிற்சி பெற்ற நடிகரா, சக மாணவரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சக தாதி நடித்தால் அவர் நல்ல நோயாளியாகவே நடிப்பார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி, வலியைப் பத்துக்கு ஏழு என்று எண்ணில் தந்துவிடுவார். உண்மையான நோயாளி, "பரவாயில்ல மிஸ்ஸி, தாங்கிக்கிறேன்" என்பார். அந்தப் 'பரவாயில்ல'யைத் தாண்டி, "இருமும்போது எப்படி இருக்கு? ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க?" என்று கேட்கப் பழக வேண்டும், அதற்கு அசையாமல் நடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

பாடத்திட்டத்தில் முதலில் தேட வேண்டியது டீச்-பேக். சொல்லிக் கொடுத்ததை நோயாளியையே தன் வாயால் திருப்பிச் சொல்ல வைக்கும் முறை. இதன் தேவையைப் புரிந்துகொள்ள ஒரு தகவல் போதும்: ராய் கெசல்ஸ் 2003-இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரை, மருத்துவத் தகவலில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகள் உடனடியாக மறந்துவிடுவதாகவும், நினைவில் நிற்பதிலும் ஏறக்குறையப் பாதி தவறாக இருப்பதாகவும் சொல்கிறது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் பத்து நிமிடத்தில் பதினைந்து விஷயங்களைச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா ஆன்ட்டி?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். மிஸ்ஸிக்கு வேலை கிடக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

நல்ல வகுப்பு இதை எப்படிக் கற்றுத்தரும்? ஒரு நேரத்தில் அதிகபட்சம் மூன்று விஷயங்கள். ஒவ்வொன்றையும் சொன்ன உடனே சரிபார்ப்பது. எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுவதில்லை. கேட்கும் விதத்தில் பொறுப்பு தாதியின் பக்கம் இருக்க வேண்டும்: "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுக்குப் போனதும் மகள்கிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" தவறாகச் சொன்னால், "இல்ல, அப்படியில்ல" என்று வெட்டாமல், "நான் வேற மாதிரி சொல்றேன்" என்று வழியை மாற்றிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். மோசமான வகுப்பு இதையே வாய்மொழித் தேர்வாக மாற்றிவிடும். "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்கப் பழகிய தாதியிடம், எழுபது வயதுப் பெரியவர் பள்ளிப் பிள்ளைபோல் கூசிப்போவார். அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டார்.

இதய நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் திரவம் என்ற கட்டுப்பாட்டைப் பயிற்சிக் காட்சியாக வைக்கும் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். எண்ணை எல்லாரும் சரியாகத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். சறுக்குவது எதைக் கணக்கில் சேர்ப்பது என்ற இடத்தில்: ரசம், கஞ்சி, சூப், காலை கோப்பி, ஐஸ் கட்டி எதையும் பலர் சேர்க்க மாட்டார்கள். "நேத்துக் காலையிலிருந்து என்னென்ன குடிச்சீங்க?" என்று கேட்டால்தான் அது வெளியே வரும். அதற்கு வழியும் உண்டு. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்து, எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிடச் சொல்லலாம். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அழைக்க வேண்டும் என்பது இரண்டாவது விஷயம். இப்படி ஒரு பொருளை ஆழமாக எடுக்கும் வகுப்பு, பத்துத் தலைப்பைத் தொட்டுவிட்டுப் போகும் வகுப்பைவிட எவ்வளவோ மேல்.

இன்சுலின் பேனா, இன்ஹேலர் போன்றவற்றுக்கு வாயால் திருப்பிச் சொல்வது போதாது. செய்து காட்ட வைக்க வேண்டும். புது ஊசி மாட்டி, 2 யூனிட் வைத்து மேல்நோக்கி அழுத்தித் துளி வருகிறதா என்று பார்த்து, அளவைத் திருப்பி, குத்தி, பத்து எண்ணிவிட்டு எடுத்து, ஊசியைக் கழற்றிக் கெட்டியான டப்பாவில் போடும் வரை. துளி பார்க்காமல் விடுவது, எண்ணாமல் உடனே உருவுவது, தினமும் ஒரே இடத்தில் குத்திக் கட்டி உண்டாக்கிக்கொள்வது ஆகிய மூன்றும் அடிக்கடி நடக்கும் பிழைகள். ஸூமில் இதைப் பயில முடியுமா? முடியும். கேமராவைக் கைப்பக்கம் திருப்பி வைத்து, பயிற்சிப் பேனாவை முன்கூட்டியே அஞ்சலில் அனுப்பும் வகுப்பாக இருக்க வேண்டும். படத்தை மட்டும் காட்டினால் அது தட்டிச் செல்லும் பாடம்தான், பெயர் மட்டும் நேரலை.

இன்னொரு குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நோயாளியோடு உரையாடல் என்று தலைப்பு வைத்துவிட்டு, பாதி நேரத்தை எஸ்பார் முறைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனம் வழியாக மருத்துவத்துக்கு வந்த அருமையான கருவி. நள்ளிரவில் டாக்டரை அழைக்கும்போது உயிர் காக்கும். ஆனால் அது தாதிக்கும் டாக்டருக்கும் இடையிலான பேச்சு. நோயாளிக்கு அருகில் அதற்கு வேலையில்லை. பாடத்திட்டத்தில் எஸ்பார் இரண்டு அமர்வுகளைப் பிடித்திருந்தால் தலைப்பு பொருந்தவில்லை என்று பொருள்.

ஸ்பைக்ஸ் முறையிலும் இதே சிக்கல். கெட்ட செய்தி சொல்ல 2000-இல் புற்றுநோய் மருத்துவர்களுக்காக எழுதப்பட்ட ஆறு படிகள் அவை. சிங்கப்பூர் வார்டுகளில் நோயின் பெயரைச் சொல்வது பெரும்பாலும் டாக்டர்தான். டாக்டர் போன பிறகு திரைக்குள் மிஞ்சியிருப்பவர் தாதி. அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் பயிற்சி வேண்டும்: உட்காருவது, "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று தொடங்குவது, பிறகு பேசாமல் இருப்பது. உணர்ச்சிக்குப் பதில் சொல்லப் பயன்படும் 'நர்ஸ்' (NURSE) என்ற முதலெழுத்து வாய்பாட்டை, அதாவது உணர்வைப் பெயரிட்டுச் சொல்வது, புரிந்ததைக் காட்டுவது, மதிப்பது, துணை நிற்பது, மேலும் கேட்பது என்ற ஐந்தையும், நோயாளியின் மொழியிலேயே பயிலச் சொல்லும் பயிற்றுநர் கிடைத்தால் அதிர்ஷ்டம். "திடீர்னு இப்படிச் சொன்னா யாருக்கும் தூக்கிவாரித்தான் போடும்" என்பதும், "இத்தனை மாசமா ஒத்த ஆளா அம்மாவைப் பாத்துக்கிட்டிருக்கீங்க" என்பதும் தமிழ் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நெஞ்சில் படும். ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் மொழிபெயர்த்துச் சொன்னால் அறிவிப்புபோல் ஒலிக்கும்.

பேசாமல் இருப்பதைச் சொன்னேன். இணைய வகுப்பு தோற்கும் இடமும் அதுதான். ஸூமில் நான்கு விநாடி அமைதி வந்தால், "ஹலோ, கேக்குதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். விவரம் தெரிந்த பயிற்றுநர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: இந்தச் சுற்றில் அமைதி வந்தால் இணைப்பு போகவில்லை, காத்திருங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு சுற்றாவது பேச வைக்கிறார்களா என்றும் பாருங்கள். வார்டில் நம் புன்னகை தெரியாது; காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியாது. கண்ணும் குரலும் வேகமும்தான் மிச்சம்.

வெளிநாட்டில் தயாரித்த பாடங்களை அப்படியே விற்கும்போது விட்டுப்போவது சிங்கப்பூர்க் குடும்பம். "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க மிஸ்ஸி, தாங்க மாட்டாரு" என்ற வேண்டுகோளைத் தமிழ், சீன, மலாய்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் தாதியர் கேட்கிறார்கள். இந்தக் காட்சி இல்லாத வகுப்பு இந்த ஊருக்கானதல்ல. இங்கே உடனே சம்மதிப்பதும் தவறு, உரிமை பேசி மறுப்பதும் தவறு. சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என முதலில் கேட்க வேண்டும். கேட்டால் முன்பு வேறு யாருக்கோ நடந்தது ஏதாவது வெளிவரும். அடுத்து, அப்பாவுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று கேட்க வேண்டும். பிறகு எல்லையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: "நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். டாக்டரோட உக்காந்து பேசுவோம்." அன்றே டாக்டர் குழுவுக்குத் தெரிவித்து, பதிவேட்டிலும் எழுதிவிட வேண்டும். 2008-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே தொடங்க வேண்டும். பிள்ளை என்ற உறவு மட்டும் அந்த உரிமையை மாற்றிவிடாது. இதை வகுப்பில் சட்ட வகுப்பாக நடத்தாமல் காட்சிக்குள் கொண்டுவருவது பயிற்றுநரின் திறமை.

மொழி இடைவெளியும் அப்படித்தான். ஹொக்கியன் மட்டும் பேசும் பாட்டிக்கும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தாதிக்கும் நடுவே பேரன் நின்று மொழிபெயர்ப்பது அன்றாடக் காட்சி. பேரன் சுருக்குவார், கடுமையானதை விழுங்குவார், தன் கருத்தையும் சேர்ப்பார். தாதி பார்க்க வேண்டியது பாட்டியை, பேரனை அல்ல. ஒரு வாக்கியம், நிறுத்தம், இன்னொரு வாக்கியம். "நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க, அவங்க சொல்றதையும் அப்படியே சொல்லுங்க" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை ஒப்புதல், வன்முறை பற்றிய சந்தேகம் போன்றவற்றுக்குக் குடும்பத்தினர் வேண்டாம். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரையே அழைக்க வேண்டும். வீட்டில் குழாய்வழி உணவு கொடுக்கப்போவது இந்தோனீசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணிப்பெண் என்றால், டீச்-பேக் அவரிடம்தான் நடக்க வேண்டும். மகளிடம் விளக்கிவிட்டுப் பணிப்பெண்ணை ஓரத்தில் நிற்க வைப்பதைப் பிழையாகச் சுட்டிக்காட்டும் வகுப்புகள் குறைவு.

செயற்கை நுண்ணறிவு நோயாளி வரும் செயலிகளில் ஒரு பெரிய வசதி: இரவுப் பணி முடிந்து தூக்கம் வராத காலையிலும் பயிலலாம், பத்துத் தடவை தடுமாறினாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு முதல் படியாக நல்லது. ஆனால் அந்த நோயாளி முழு வாக்கியத்தில் பேசுகிறார், முறை வைத்துப் பேசுகிறார், "உங்கள் கவலை புரிகிறது" என்றதும் சமாதானமாகிவிடுகிறார். அதில் தேர்ச்சி பெற்றுவிட்டு வார்டுக்குப் போனால் அதே வாக்கியம் அங்கே எடுபடாது. தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசும் சிங்கப்பூர்ப் பேச்சில் இந்தச் செயலிகள் தடுமாறவும் செய்கின்றன. மனிதரோடு பயிலும் வகுப்புக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மாற்றாக அல்ல. உண்மையான நோயாளியின் பெயர், அடையாள எண், கட்டில் எண் எதையும் அதில் தட்டச்சு செய்யவே கூடாது.

இணையவழிப் பயிற்சி நேரடி வகுப்பையே மிஞ்சும் இடமும் ஒன்று உண்டு: தொலைபேசி உரையாடல். கேமராவை அணைத்துவிட்டால் ஸூம் அப்படியே தொலைபேசிதான். வீடு திரும்பிய நோயாளியை அழைத்து நலம் விசாரிக்கும் வேலை பெருகிவரும் நேரத்தில் இதை எல்லா வகுப்பும் சேர்க்க வேண்டும். இன்றைக்கு அந்த அழைப்பின் முதல் தடை மோசடி பயம். அறிமுகமில்லாத எண் என்றாலே வைத்துவிடுகிறார்கள். முதல் பத்து விநாடியில் பெயர், வார்டு, எதற்காக அழைக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவமனையின் பொது எண்ணுக்குத் திருப்பி அழைக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். நோயாளிதானா என்று உறுதிப்படுத்தும் முன் நோயின் பெயர் வாயில் வரக்கூடாது.

கோபமாகக் கத்தும் உறவினரைச் சமாளிப்பதற்கு மட்டும் இணைய வகுப்பை நம்ப வேண்டாம். குரலைத் தாழ்த்துவதையும், இரண்டு வழிகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதையும் திரையில் கற்கலாம். இரண்டு கை தூரம் விட்டு நிற்பது, கதவு நம் பின்னால் அடைபடாமல் பார்த்துக்கொள்வது, எப்போது பேச்சை நிறுத்திப் பாதுகாவலரை அழைப்பது ஆகியவற்றை உடம்பால்தான் பழக வேண்டும்.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக. பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 25 வயது நிறைந்த குடிமக்களுக்கு மட்டுமே. வேலை அனுமதியில் இருக்கும் தாதியர் அதை நம்பிப் பதிய வேண்டாம், மேலாளரிடம் துறை நிதி உண்டா என்று கேளுங்கள். மானியம் பெறும் வகுப்பில் 75 விழுக்காடு வருகை கட்டாயம். இரவுப் பணிக்கு மறுநாள் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டால் மானியம் கைநழுவும். நர்சிங் போர்டின் தொடர்கல்விப் புள்ளி உண்டா என்பதைப் பதியும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வேலைக் கணினியில் இணையம் கட்டுப்பாட்டில் இருக்கும். சொந்த மடிக்கணினியும் மைக் வைத்த ஹெட்செட்டும் வேண்டும். கைப்பேசியில் குழு அறையும் காட்சித் தாளும் ஒரே நேரத்தில் தெரியாது.

வார்டு மேலாளர்களுக்கு ஒன்று. ஆறு பேரை வகுப்புக்கு அனுப்பினால் ஒரே வார்டிலிருந்து அனுப்புங்கள். வகுப்பு முடிந்த வாரத்திலிருந்து, பணி ஒப்படைப்புக்குப் பிறகு வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள்: அந்த வாரம் வார்டில் சறுக்கிய ஒரு வாக்கியம், அதை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்பது, நோயாளியின் இடத்தில் நான்காமவர் உட்கார்ந்து எது தனக்கு ஏறியது என்று சொல்வது. அதற்கு ஒரு நாற்காலியும் இழுத்து மூடும் திரையும் போதும்.